கொடுவாக் குஞ்சுகளில் நோடா வைரஸ்: மீனின் எதிர்ப்பாற்றல் எந்த இடத்தில் தோற்கிறது?

உப்பனாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். சீர்காழிப் பக்கம் உப்பங்கழியை ஒட்டிய இரண்டு ஏக்கர் குளத்தில் முன்பு இறால் வளர்த்தேன். வெள்ளைப்புள்ளி நோயில் இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, மூன்று ஆண்டுகளாகக் கொடுவா மீன் வளர்த்து வருகிறேன். இந்த ஆண்டு பங்குனியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஓர் அங்குலக் குஞ்சுகள் மூவாயிரம் வாங்கி, குளத்துக்குள்ளேயே ஹாப்பா என்ற பெட்டி வடிவ வலை கட்டி விட்டேன். முதல் வாரம் குறையொன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் தீவனம் போட்டபோது மேலே வந்த குஞ்சுகள் பாதிக்கும் குறைவு. ஒரு வெள்ளைப் பேசினில் பத்துப் பதினைந்தை அள்ளிப் பார்த்தேன். சிலவற்றின் உடல் கறுத்திருந்தது. சில வயிறு மேலாக மிதந்து, விரலால் தொட்டதும் திருகாணி சுழல்வதுபோல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கீழே போய், மறுபடி மிதந்தன. செவுளில் புண் இல்லை, உடம்பில் ஒட்டுண்ணி இல்லை. பத்து நாளில் நானூறு குஞ்சுகள்தாம் மிஞ்சின. ஆய்வகத்தில் பிசிஆர் (வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை) பார்த்ததில் நோடா வைரஸ் என்று முடிவு வந்தது.

நான் நட்டக்கணக்குச் சொல்ல இங்கே வரவில்லை. இந்த நோய்க்குத் தடுப்பூசி இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் சாவது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரக் குஞ்சு. ஊசி போடக்கூட இடமில்லாத உடம்புக்கு ஊசி எதற்கு? மீனின் உடலில் இயல்பாக இருக்கும் எதிர்ப்பாற்றல் இந்த வைரஸிடம் ஏன் இப்படிச் சுருண்டு விழுகிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

செவுள் (மீன் நோயியல் முதுகலை மாணவி)

ஐயா, நீங்கள் பேசினில் கண்டதே பாதி விடை. செவுளும் தோலும் நன்றாக இருக்க, நீச்சல் மட்டும் நிலைகுலைகிறது என்றால் கோளாறு நரம்பில் இருக்கிறது. நோயுற்ற குஞ்சின் மூளையையும் கண்ணின் விழித்திரையையும் மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், திசு முழுவதும் வட்ட வட்டமான ஓட்டைகள் தெரியும். முதல் தடவை அந்தக் கண்ணாடித் தகட்டைப் பார்த்தபோது, தகட்டைத் தயாரித்ததில்தான் பிழை நேர்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது தகடு கேட்டு வாங்கினேன். அதிலும் அதே ஓட்டைகள். அந்த ஓட்டைகள் நரம்பணுக்கள் சிதைந்ததன் அடையாளம்.

பீட்டாநோடா வைரஸ் உறையில்லாத, மிகச் சிறிய ஆர்.என்.ஏ. வைரஸ், குறுக்களவு 25 முதல் 30 நானோமீட்டர். அதன் மரபுப்பொருள் இரண்டே துண்டுகள்: ஒன்று தன்னைப் படியெடுக்கும் நொதிக்கு, மற்றொன்று மேலோட்டுப் புரதத்துக்கு. ஆஸ்திரேலியாவின் கொடுவாப் பொரிப்பகங்களிலும் ஜப்பானின் கடல்மீன் பொரிப்பகங்களிலும் 1980களின் இறுதியில் கவனத்துக்கு வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்களில் கண்டறியப்பட்டுள்ளது. நம் கடற்கரையில் காணப்படுவது வெப்பநீரை விரும்பும் வகை.

இனி எதிர்ப்பாற்றல். மீனுக்கு நமக்கு இருப்பதுபோல் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு உண்டு. முதலாவது பிறவியிலேயே வருவது. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது உயிரணுவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகிறது; உயிரணுவின் இயல்பான வேலைகளில் அவ்வளவு நீளமான இரட்டை இழைக்கு இடமில்லை என்பதால், அதைக் கண்ட மாத்திரத்தில் அன்னியன் புகுந்துவிட்டான் என்று உணர்ந்து இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடுகிறது. தெருக்கோடி வீட்டில் திருடன் நுழைந்ததும் அந்த வீட்டார் கூவ, மற்ற வீட்டார் கதவைத் தாழிட்டுக்கொள்வது போன்றது இது. முதல் வீடு தப்பாமல் போகலாம், தெரு தப்பும். இரண்டாவது அடுக்கு, குறிப்பிட்ட வைரஸை நினைவில் வைத்து அதற்கென்றே எதிர்ப்பொருள் ஆக்கும் வெள்ளணுக்கள். மீனுக்கு எலும்பு மஜ்ஜையோ நிணநீர் முடிச்சோ கிடையாது. தலைச் சிறுநீரகம், தைமஸ், மண்ணீரல் ஆகிய மூன்றும்தாம் இந்த அணுக்களின் பிறப்பிடமும் பயிற்சிக்களமும்.

கொடுவா முட்டை நம் வெப்பநிலையில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் கருவுணவு தீர்ந்து ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கைத் தின்னத் தொடங்குகிறது. ஆனால் எதிர்ப்பொருள் ஆக்கும் அணுக்கள் பயன்படும் அளவுக்கு முதிரப் பல வாரங்கள் ஆகின்றன. வைரஸோ இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடுகிறது. இந்த இடைவெளியில் குஞ்சுக்கு உள்ளது முதல் அடுக்கு மட்டுமே. அதற்கும் வைரஸ் பதில் வைத்திருக்கிறது: முதல் துண்டின் கடைசிப் பகுதியிலிருந்து பி-2 என்ற சிறு புரதத்தை அது ஆக்குகிறது. இப்புரதம் முழுமையான வைரஸ் துகளில் இடம்பெறுவதில்லை. தொற்றிய உயிரணுவுக்குள் மட்டும் வேலை செய்கிறது. இரட்டை இழையின் மேல் படிந்து போர்த்திக்கொண்டு, அந்த இழையைத் துண்டு துண்டாக நறுக்கி வைரஸின் படியெடுப்பை நிறுத்தும் கத்தரிக்கோல் போன்ற நொதியை (முதல் அடுக்கின் இன்னோர் ஆயுதம் அது) அண்டவிடாமல் செய்கிறது.

எனவே, ஐயா, எதிர்ப்பாற்றல் சுருண்டு விழவில்லை. ஒரு பாதி இன்னும் பிறக்கவில்லை. மறு பாதியை வைரஸ் தடுத்துவிட்டது.

---

பழைய இறால்காரர்

மாணவி சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் குளத்தங்கரை அனுபவம் வேறு சொல்கிறது. 1994-இல் வெள்ளைப்புள்ளி நோய் நம் கடற்கரைக்கு வந்த நாள்முதல் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தீவனத்தில் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் பீட்டா குளூக்கனையும் வைட்டமின் சி-யையும் கலந்து கொடுத்தால் உயிரினத்தின் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது. கடைகளில் பதினாறு பெயரில் விற்கிறார்கள் என்பதற்காக அதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. தண்ணீரைச் சரியாக வைத்து, நெரிசலைக் குறைத்து, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டால் பாதிக் குஞ்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்பது என் கருத்து. இரண்டு நாள் ஆக்சிடெட்ராசைக்ளினும் கொடுத்திருக்கலாம்.

---

செவுள்

ஐயா, கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஆக்சிடெட்ராசைக்ளின் பாக்டீரியாவின் புரத ஆலையைத் தடுக்கும் மருந்து. வைரஸுக்குச் சொந்தமாக அப்படி ஓர் ஆலையே இல்லை. அம்மருந்தால் நோடா வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. குளத்திலுள்ள பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகிப்போவதுதான் மிச்சம்.

நெரிசல் பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் சரி. நெரிசலிலும் ஆக்சிஜன் குறைவிலும் மீனின் உடலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அது வெள்ளணுக்களின் வேலையை மட்டுப்படுத்துகிறது. உப்பனாற்றங்கரை ஐயாவின் குஞ்சுகள் முதல் வாரம் நன்றாக இருந்து ஒன்பதாம் நாள் விழுந்ததற்கு, ஏற்கெனவே உடலில் தங்கியிருந்த தொற்று, வண்டிப் பயணம், உப்புத்தன்மை மாற்றம், ஹாப்பா நெரிசல் ஆகியவற்றின் அழுத்தத்தில் மேலெழுந்தது காரணமாக இருக்கலாம்.

பீட்டா குளூக்கன் விழுங்கணுக்களை விழிப்பூட்டுகிறது என்பதும் உண்மையே. ஆனால் இறாலையும் மீனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இறாலுக்கு எதிர்ப்பொருள் என்பதே கிடையாது. அதன் வாழ்நாள் முழுவதும் முதல் அடுக்கு மட்டும்தான், ஆகவே தூண்டிகளின் மேல் இறால்காரர்கள் நம்பிக்கை வைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. மீனுக்கு இரண்டாவது அடுக்கு வரப்போகிறது. அது வரும்வரை வைரஸைக் குஞ்சிடமிருந்து தள்ளி வைப்பதே வேலை. மூளைக்குள் புகுந்துவிட்ட வைரஸைத் தீவனக் கலவை துரத்தாது.

---

பேர்கன் தமிழன்

நோர்வேயில் சால்மன் மீன் வளர்ப்புத் துறையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். தங்கை எதிர்ப்பொருள் என்று எழுதுவதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்தோம். இரண்டும் ஒன்றே, இழையைப் படிப்பவர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பண்ணைகளில் ஒவ்வொரு சால்மனுக்கும் கடலுக்கு அனுப்பும் முன் வயிற்றில் ஊசி போடப்படுகிறது. பாக்டீரியா நோய்களுக்கு எதிராக எண்ணெய் கலந்த இந்த ஊசிகள் தந்த பலன் பெரிது. 1980களின் இறுதியில் கொட்டிய ஆன்டிபயாடிக் மருந்து பின்னர் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஆனால் வைரஸ் நோய்களில் ஊசி அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. அதற்குக் காரணம், வைரஸ் ஒவ்வொன்றும் எதிர்ப்பாற்றலோடு மோதும் இடம் வேறு வேறு என்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

சால்மன் சோகை வைரஸ் 1984-இல் நோர்வேயில் முதலில் தெரியவந்தது. 2007-இல் சிலி நாட்டில் புகுந்தபோது அங்குள்ள சால்மன் தொழிலே ஆட்டம் கண்டது. அதற்கு இரண்டு முகம் உண்டு. ஒரு வடிவம் செவுளில் மட்டும் தங்கி, மீனுக்குத் தீங்கு செய்யாமல் சில வாரங்களில் போய்விடும். அதன் மேற்புரதத்தில் ஒரு சிறு பகுதி அறுந்துபோன மற்ற வடிவங்களோ இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கி மீனைக் கொல்லும். பிசிஆரில் வைரஸ் என்று வந்தாலும் எந்த வடிவம் என்று பார்க்காமல் கூண்டை அழிப்பதா வைப்பதா என்று முடிவெடுக்க முடியாது. இன்னொரு வைரஸ், ஆர்த்தோரியோ வகையைச் சேர்ந்தது, சிவப்பணுக்களுக்குள்ளேயே குடியேறுகிறது. மனிதச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணுவுக்கு உண்டு. ஆகவே அந்த அணுக்கள் வைரஸுக்கு வீடாகவும் இருக்கின்றன, இன்டர்ஃபெரான் வழியாக எதிர்த்தும் நிற்கின்றன. தொற்று உச்சத்துக்குப் போய் இறங்கிய பிறகும் வைரஸ் மீனை விட்டு முழுதாகப் போவதில்லை. இரத்தத்தில் பல காலம் சத்தமில்லாமல் இருக்கிறது.

நீங்கள் பேசிய பி-2 புரதத்துக்கு எங்கள் பக்கத்திலும் உறவுக்காரர் உண்டு. ட்ரௌட் மீன்களைக் கொல்லும் ராப்டோ வைரஸ்கள் இரண்டு, துகளில் இடம்பெறாத ஒரு தனிப் புரதத்தை உயிரணுவுக்குள் ஆக்கி இன்டர்ஃபெரானைத் தாமதப்படுத்துகின்றன. அந்த வைரஸ் பேரினத்துக்கே அப்புரதத்தை வைத்துத்தான் பெயரிட்டார்கள். அவற்றுள் ஒன்றுக்கு எதிராக 2005-இல் கனடாவில் டி.என்.ஏ. தடுப்பூசி (வைரஸின் ஒரு புரதத்துக்கான மரபுக் குறிப்பையே ஊசியாகப் போடுவது) அனுமதி பெற்றது. அதில் எனக்கு வியப்பாக இருந்தது இதுதான்: ஊசி போட்ட முதல் சில நாள்களில் மீன் அந்த வைரஸை மட்டுமல்லாமல் தொடர்பில்லாத வேறு வைரஸையும் தாங்குகிறது. ஊசியே இன்டர்ஃபெரானைக் கிளப்பிவிடுவதால் வரும் பலன் அது. சில வாரங்களில் அந்தப் பொதுப் பாதுகாப்பு வடிந்து, குறிப்பிட்ட வைரஸுக்கான பாதுகாப்பு மட்டும் நிலைக்கிறது. இரண்டு அடுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்வதை ஒரே ஊசியில் பார்க்கலாம்.

---

கொளத்தூர் கோய்

வண்ணமீன் வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கோய் என்ற வண்ணக் கெண்டையையும் சாதாரணக் கெண்டையையும் கொல்லும் கோய் ஹெர்பிஸ் வைரஸ் 1998-இல் இஸ்ரேலின் பண்ணைகளைத் தாக்கியது. 2003-இல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரியில் ஆயிரம் டன்னுக்கு மேல் கெண்டை செத்தது. அந்த வைரஸ் நீர் 18 முதல் 28 டிகிரி வரை இருக்கும்போதுதான் கொல்கிறது. 30-ஐத் தாண்டினால் பெருகாது. இதை வைத்து இஸ்ரேல் பண்ணையாளர்கள் ஒரு வழி கண்டார்கள்: குஞ்சுகளை 22, 23 டிகிரியில் நோயுற்ற மீன்களுடன் சில நாள் விட்டு, பிறகு 30 டிகிரிக்கு மாற்றி ஒரு மாதம் வைத்தார்கள். வைரஸ் அடங்கியிருக்கும் நேரத்தில் மீன் எதிர்ப்பொருளை ஆக்கிக்கொண்டது.

மீன் குளிர்குருதி விலங்கு, அதற்குக் காய்ச்சல் வராது என்று நாம் நினைக்கிறோம். வரும்; ஆனால் தானாக நீந்திப் போய் வரவழைத்துக்கொள்ளும். 24, 28, 32 டிகிரி என்று மூன்று அறைகள் இணைந்த தொட்டியில் தொற்றிய கெண்டைகளை விட்டபோது, அவை நோய் ஏற ஏற 32 டிகிரி அறையை நாடிப் போயின. போக விடாமல் 24-இல் அடைத்து வைத்தவை பெருமளவில் செத்தன. இதற்கும் வைரஸ் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. காய்ச்சலைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற சைகைப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் பொய்யான ஏற்பி ஒன்றை ஆக்கி வெளியே விடுகிறது. அதனால் மீன் வெந்நீரை நாடுவது தாமதமாகிறது, அந்த நாள்களில் வைரஸ் பெருகிக்கொள்கிறது. 2017-இல் இந்த ஆய்வு வந்தபோது என் தொட்டிகளை ஒரு மாதிரிப் பார்த்தேன். எல்லா மூலையிலும் ஒரே வெப்பநிலை. போக விரும்பும் மீனுக்குப் போக இடமே நான் வைக்கவில்லை.

---

பழைய இறால்காரர்

அப்படியானால் கொடுவாவுக்கும் நீரைச் சூடாக்கிவிடலாமே?

---

செவுள்

கூடாது, ஐயா. ஹெர்பிஸ் வைரஸுக்கு 30 டிகிரி தடை. நம் பகுதி நோடா வகைக்கு 25 முதல் 30 வரையே வாசல். மத்தியதரைக் கடலின் ஐரோப்பியக் கொடுவாவில் இந்நோய் கோடையில்தான் வெடிக்கிறது. அங்கே வலைக்கூண்டிலுள்ள பெரிய மீனும் சாவதால் ஊசிக்கு வேலை இருக்கிறது.

இப்போது உப்பனாற்றங்கரை ஐயாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் வைரஸின் மேலோட்டுப் புரதத்தை ஆய்வகத்தில் ஆக்கி நோடாவேக்-ஆர் என்ற தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. இரண்டு வாரக் குஞ்சுக்கு எந்த ஊசியும் போட முடியாது என்பது உண்மை. ஆனால் இந்த நோயில் குஞ்சுக்குத் தொற்று வரும் முக்கியமான வழி தாய்மீன். வெளியே எந்தக் குறியும் காட்டாத தாய்மீன் சினைப்பையிலும் முட்டையிலும் வைரஸைக் கடத்துகிறது. ஆகவே ஊசிக்கு உரிய உடம்பு தாயுடையது. தைவானில் கலவா என்ற மீனினத்தின் தாய்மீன்களுக்கு ஊசி போட்டபோது முட்டை வழியான தொற்று குறைந்தது. தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளில் ஒரு பங்கு முட்டைக்குள்ளும் போகிறது; ஆனால் கருவுணவோடு அதுவும் சில நாள்களில் தீர்ந்துவிடுவதால், இரண்டாவது வாரக் குஞ்சை அது மட்டுமே காக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தாய்மீனைப் பிசிஆரில் சோதிப்பது, முட்டையை ஓசோன் கலந்த கடல்நீரில் கழுவுவது, ஒரு தொட்டியின் வலையையும் வாளியையும் இன்னொரு தொட்டிக்குக் கொண்டுபோகாமல் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஊசிக்குப் பலன்.

---

உப்பனாற்றங்கரை

மிக்க நன்றி. எனக்கு விற்றவர் பரிசோதித்த குஞ்சு என்று சொன்னார். குஞ்சைச் சோதித்தாரா தாயைச் சோதித்தாரா என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை அதைக் கேட்டு, தாள் வாங்கிய பிறகே வண்டியில் ஏற்றுவேன்.

இன்னும் ஒரு கேள்வி. மிஞ்சிய நானூறும் இப்போது நன்றாகத் தின்கின்றன, விரல் நீளத்தைத் தாண்டிவிட்டன. பக்கத்துக் குளத்துக்காரர், நோயில் தேறி வந்த மீன் கெட்டி மீன் என்று சொல்லி நூறு கேட்கிறார். கொடுக்கலாமா?

---

பேர்கன் தமிழன்

கொடுக்க வேண்டாம் ஐயா. தேறிய மீன் கெட்டி என்பது அந்த மீனுக்கு மட்டும் பொருந்தும். அவருடைய குஞ்சுகளுக்கு அது நோயைச் சுமந்து வரும்.

---

செவுள்

அண்ணா சொன்னதை வழிமொழிகிறேன். உங்கள் நானூறின் இரத்தத்தில் இப்போது எதிர்ப்பொருள் இருக்கக்கூடும். ஆனால் எதிர்ப்பொருள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. தொற்றிய நரம்பணுவைக் கொன்று வைரஸை ஒழிக்கலாம் என்றால் அந்த விலையை மூளை தாங்காது. ஆகவே இரு தரப்பும் ஒருவகை உடன்பாட்டுக்கு வந்து, வைரஸ் மூளையிலும் கண்ணிலும் குறைந்த அளவில் தங்கிவிடுகிறது. அந்த மீன்களைத் தாய்மீனாக யாருக்கும் விற்காதீர்கள். வேறு குஞ்சோடு கலக்காதீர்கள். வெள்ளத்தில் கழிக்குத் தப்பிவிடாமல் கரையை உயர்த்துங்கள். விற்பனை அளவுக்கு வளர்த்து, பிடித்தவுடன் ஐஸில் போட்டு உணவுக்கு விற்கலாம். மனிதருக்கு இந்த வைரஸ் தொற்றாது.

---

உப்பனாற்றங்கரை

தலையையும் குடலையும் வழக்கமாகக் கழியில் கொட்டிவிடுவோம். அதனால் ஏதும் உண்டா?

---

செவுள்

உண்டு ஐயா. வைரஸ் மிகுதியாக இருப்பது தலையில்தான். உறைய வைத்தாலும் அது எளிதில் அழியாது, கழிவு மீனைத் தின்ற மீனுக்கும் தொற்றும். தலையும் கண்ணும் கழிக்குப் போக வேண்டாம். குளத்திலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். ஹாப்பா வலையைக் குளோரின் நீரில் ஊற வைத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகு அடுத்த குஞ்சுக்குக் கட்டுங்கள்.